எம்.எல்.ஏ. கணக்கை எடுக்கறதுன்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது? ஓட்டு, கேள்வி, செலவுப் பதிவேடு

நொய்யல் வடகரை

கொங்குப் பக்கம் ஏதோ ஒரு தொகுதியை எடுத்து, அதோட உறுப்பினரைப் பத்தி முழுக் குறிப்பு ஒண்ணு போடறதுன்னு வெச்சுக்குங்க. மூணு விசயம் வேணும். ஒண்ணு, இதுவரைக்கும் எங்கெங்க நின்னாரு, எங்க ஜெயிச்சாரு. ரெண்டு, சபையில எதுக்கு ஆதரவா, எதுக்கு எதிர்ப்பா ஓட்டுப் போட்டாரு. மூணு, தேர்தல் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சு. கட்சி பார்க்காம, எந்தக் காகிதம் எங்க கிடைக்கும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காளிங்கராயன் வாய்க்கால்

முதல் விசயத்துலயே ஒரு குழி இருக்குதுங்க. 2008-ல தொகுதி மறுவரையறை வந்தப்போ நம்ம பக்கம் பாதி பேரு மாறிப்போச்சு. சத்தியமங்கலம், வெள்ளக்கோவில், பொங்கலூர், பேரூர், கபிலர்மலை, கோவை கிழக்கு, கோவை மேற்கு எல்லாம் சட்டமன்றத் தொகுதிப் பட்டியல்லயே இல்லை. மக்களவையில கோபிசெட்டிபாளையம் (கோபி), திருச்செங்கோடு, ராசிபுரம், பழனி நாலும் போச்சு. அதனால இப்போ இருக்கற தொகுதிப் பேரைப் போட்டுத் தேடினா பழைய வரலாறு வெட்டுப்பட்டுத்தான் வரும்.

செங்கோட்டையனையே எடுத்துக்குங்க. கோபின்னு மட்டும் தேடினா 1980-ல இருந்துதான் வரும். 1977-ல அவர் முதல்ல ஜெயிச்சது சத்தியமங்கலத்துல. அந்தத் தொகுதியே இப்போ கிடையாது. 1996-ல கோபியில தோத்ததும் சேர்ந்தாத்தான் கணக்கு நேராகும். தனபால் சங்ககிரியில 1977, 1980, 1984, 2001-ன்னு நாலு தடவை ஜெயிச்சவரு. 2011-ல ராசிபுரம், 2016-லயும் 2021-லயும் அவிநாசி. "தொகுதி விட்டுத் தொகுதி தாவறாரு"ன்னு எழுதிப்போடறதுக்கு முன்னால, 2008-க்கு அப்புறம் சங்ககிரி பொதுத் தொகுதியாயிருச்சு, ராசிபுரம் தனித் தொகுதியாயிருச்சுங்கறதைப் பார்க்கணும். ஆளு மாறலைங்க, தொகுதி மாறிருச்சு.

செய்யற முறை இதுதான்: தேர்தல் ஆணையத்தோட புள்ளிவிவர அறிக்கையை ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனியா எடுத்து, தொகுதிப் பேரை விட்டுட்டு வேட்பாளர் பேரைத் தேடுங்க. இனிஷியல் மாறி மாறி வரும், எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. அப்பா பேரு, வயசு, ஊரு மூணும் ஒத்துவந்தாத்தான் அதே ஆளு.

தறிச்சத்தம்

ஓட்டுப் பதிவு ரொம்ப சுலபமாச்சே. சபை இணையதளத்துல மசோதாவாரியா யாரு ஆமா, யாரு இல்லைன்னு இருக்குமே? அதை எண்ணிப்போட்டா முடிஞ்சுது.

குமாஸ்தா மேசை

தறிச்சத்தம் தம்பி, அப்படி ஒரு பட்டியலே கிடையாது. இங்கேதான் பல பேர் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஏறக்குறைய எல்லாமே குரல் வாக்கெடுப்புதான். "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். சத்தத்தை வைத்து "நிறைவேறியது" என்று அறிவிப்பார். நடவடிக்கைக் குறிப்பில் தீர்மானம் நிறைவேறியது என்றுதான் இருக்கும். யார் எந்தப் பக்கம் என்று இருக்காது. பெயர் தெரிய வேண்டுமென்றால் டிவிஷன் (ஆதரவு, எதிர்ப்பைத் தனித்தனியாக எண்ணும் வாக்கெடுப்பு) கேட்க வேண்டும். அதுவும் வருடக்கணக்கில் ஒன்றிரண்டு தடவைகூட வராது.

நம் கையில் இருக்கும் தெளிவான உதாரணம் 2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அமைச்சரவையின் நம்பிக்கைத் தீர்மானம். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவைத் தலைவர் தனபால் ஏற்கவில்லை. தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டார்கள், காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு. சபையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரில் நம் பக்கத்தவர் மூவர்: கவுண்டம்பாளையம் ஆறுக்குட்டி, மேட்டுப்பாளையம் சின்னராஜ், மேட்டூர் செம்மலை. கோவை வடக்கு அருண்குமார் சபைக்கே வரவில்லை.

அந்த ஐந்தாண்டுக் காலத்திலும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய வாக்கு என்று தேடினால், பெரும்பாலான உறுப்பினர்களுக்கு இந்த ஒன்றுதான் மிஞ்சும்.

ஊத்துக்குளி வெண்ணெய்

அதுலயும் ஒரு வேடிக்கை இருக்குதுங்க. சபையில நின்னு எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேரோட பதவி போகலை. 2017 ஆகஸ்ட் 22-ல ஆளுநர்கிட்ட முதல்வருக்கு ஆதரவு இல்லைன்னு கடிதம் கொடுத்தவங்கள்ல 18 பேர் செப்டம்பர் 18-ல தகுதி இழந்தாங்க. அவங்க சபையில எதிர்த்து ஓட்டே போடலை. அரவக்குறிச்சி செந்தில்பாலாஜி அதுல ஒருத்தர். ஓட்டை மட்டும் எண்ணிட்டிருந்தா இந்தக் கதை உங்க அட்டவணைக்குள்ள வராது.

குமாஸ்தா மேசை

சரியாகச் சொன்னீர்கள். காரணம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், இருக்கிறது. பத்தி 2(1)-ல் இரண்டு பிரிவுகள். (அ) தானாகவே கட்சி உறுப்பினர் பதவியைக் கைவிடுவது. (ஆ) கொறடா உத்தரவை (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை) மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. 18 பேர் மீதான உத்தரவு முதல் பிரிவின் கீழ் வந்தது. உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14-ல் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு; மூன்றாம் நீதிபதி அக்டோபர் 25-ல் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். 11 பேர் விவகாரம் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில், பேரவைத் தலைவர் முடிவெடுக்கட்டும் என்ற அளவில் முடிந்தது.

கொறடா உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தகுதி நீக்கம் இல்லை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே ஒரு உறுப்பினர் கட்சிக்கு எதிராக வாக்களித்து, இன்னும் பதவியில் இருக்கிறார் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கொறடா உத்தரவு முறையாகப் போனதா, மன்னிப்பு கொடுத்தார்களா, பேரவைத் தலைவர் முன் யாராவது மனு போட்டார்களா.

தறிச்சத்தம்

சரிங்க அண்ணா, ஒத்துக்கறேன். அப்போ எம்.பி.க்களுக்காவது பட்டியல் இருக்குமா?

பரம்பிக்குளம்

அங்க கொஞ்சம் பரவாயில்லை. மக்களவையில பொத்தான் அமுக்கற எந்திரம் இருக்கு. டிவிஷன் நடந்தா ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலைன்னு பேரோட நடவடிக்கைக் குறிப்புல அச்சாகும். 2023 செப்டம்பர் 20-ல மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 454-க்கு 2. 2019 ஜனவரி 8-ல பொருளாதார நலிவுற்றோருக்கான 10 சதவீத மசோதா 323-க்கு 3, அன்னிக்கு அ.தி.மு.க. வெளிநடப்பு. அரசியலமைப்புத் திருத்தம்னா எண்ணிக்கை கட்டாயம், அதனால பேரு கிடைச்சுரும்.

ஆனா சாதாரண மசோதாவுல மறுபடியும் குரல் வாக்குதான். நம்ம விவசாயிகளுக்கு ரொம்ப வேண்டிய மூணு வேளாண் மசோதா 2020 செப்டம்பர்ல வந்துச்சே, அதுல ரெண்டுக்கு மாநிலங்களவையில எதிர்க்கட்சிங்க டிவிஷன் கேட்டும் நடக்கலை. மூணும் குரல் வாக்குலயே முடிஞ்சுது. மஞ்சள், தேங்காய், பால்னு இருக்கற நம்ம ஊருக்கு எது முக்கியமோ அதுக்குத் தனியாள் ஓட்டுப் பதிவே இல்லை. பேச்சு மட்டும் இருக்கு. பேசினது ஒரு பக்கம், கட்சி நின்னது ஒரு பக்கம்னும் இருக்கும், அதனால ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

இன்னொண்ணு. சின்னத்தைக் கவனிங்க. 2019-ல ஈரோடு கணேசமூர்த்தி ம.தி.மு.க.காரர், நாமக்கல் சின்ராஜ் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர். ரெண்டு பேரும் நின்னது உதயசூரியன்ல. 2021-ல திருச்செங்கோட்டுல ஈஸ்வரனும் அப்படித்தான். அந்தச் சின்னத்துல ஜெயிச்சா சபைக் கணக்குல தி.மு.க. உறுப்பினர், கொறடா உத்தரவும் அங்கிருந்துதான். "எங்க கட்சி தனி"ன்னு மேடையில சொல்றதுக்கும் சபையில கை தூக்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி இதுதான். அதே கூட்டணியில திருப்பூர் சுப்பராயனும் கோவை நடராஜனும் அவங்கவங்க சொந்தச் சின்னத்துல நின்னவங்க.

நொய்யல் வடகரை

அப்போ எம்.எல்.ஏ-வுக்கு ஓட்டுக்குப் பதிலா எதை எடுக்கறதுங்க?

காளிங்கராயன் வாய்க்கால்

கேள்வி, வெட்டுத் தீர்மானம் (துறைக்கு ஒதுக்கற பணத்தைக் குறைக்கச் சொல்ற தீர்மானம்), குழு. இந்த வரிசையிலதான் நான் வெப்பேன்.

உடுக்குறியிட்ட வினான்னா அமைச்சர் சபையில வாய் திறந்து பதில் சொல்லணும், துணைக் கேள்வி கேட்கலாம். உடுக்குறி இல்லாததுக்கு எழுத்துல பதில். கேள்வியை எண்ணாதீங்க, படிங்க. "எங்க ஊருக்குப் பாலம் வருமா"ன்னு அம்பது கேள்வி கேட்டவரை விட, விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 750 யூனிட்டா இருந்து 2023-ல 1,000 ஆனப்போ எத்தனை இணைப்புக்கு அது போய்ச் சேர்ந்துச்சுன்னு ஒரே கேள்வி கேட்டவரு வேலை தெரிஞ்சவரு.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இதுக்கு நல்ல சோதனைக் கல்லுங்க. எல்லாக் கட்சிக்காரங்களும் "நாங்க கொண்டுவந்தது"ங்கறாங்க. 2019 பிப்ரவரியில அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-ல திறப்பு, 1,045 குளம் குட்டைங்களுக்குத் தண்ணி. உங்க உறுப்பினர் இதுக்கு முன்னாடி எந்த வருசம், எந்த மானியக் கோரிக்கையில (துறைக்குப் பணம் ஒதுக்கற விவாதத்துல), என்ன பேசினாருன்னு நடவடிக்கைக் குறிப்புல தேடுங்க. நீர்வளத்துறை (அப்போ பொதுப்பணித்துறை) மானியத்துல பேசியிருக்கணும். ஆளுநர் உரை விவாதத்துல போகிற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தா அது கணக்கில்லை.

குழுவுல பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு நாலையும் பாருங்க. உறுதிமொழிக் குழு அறிக்கையை யாரும் புரட்டறதே இல்லை. அமைச்சர் சபையில "பரிசீலிக்கப்படும்"னு சொன்னது என்ன ஆச்சுன்னு அதுலதான் இருக்கும்.

தொகுதி மேம்பாட்டு நிதி வருசம் 3 கோடி. ஊரக வளர்ச்சி முகமையில வேலைவாரிப் பட்டியல் கேளுங்க. தகவல் உரிமை மனுன்னா 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்பு, 30 நாள். "எவ்வளவு ஒதுக்குனீங்க"ன்னு கேட்காதீங்க. "நிர்வாக அனுமதி தேதி, மதிப்பீடு, முடிஞ்ச தேதி, கொடுத்த தொகை"ன்னு நாலு கலம் போட்டுக் கேளுங்க. மொத்தத் தொகையை மட்டும் கேட்டா ஒத்தை வரியில பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

சந்தைப்பேட்டை

பணத்துக்கு வாங்க. அதுதானே எல்லாருக்கும் வேண்டியது. எம்.எல்.ஏ. வேட்பாளர் 28 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம். நாமினேசன்ல இருந்து ரிசல்ட் வரைக்கும்.

குமாஸ்தா மேசை

28 லட்சம் 2016 தேர்தலுக்கு. 2020 அக்டோபரில் பத்து சதவீதம் கூட்டி 30.8 லட்சம், 2021 தேர்தல் அதில்தான் நடந்தது. 2022 ஜனவரியில் 40 லட்சம் ஆக்கினார்கள். மக்களவைக்கு 70, 77, 95 லட்சம் என்று போனது. இரண்டு தேர்தல் கணக்கை ஒப்பிடும்போது உச்சவரம்பு மாறியதை எழுதாவிட்டால் சதவீதமெல்லாம் தப்பாகிவிடும்.

வேட்பு மனு தாக்கல் செய்த நாளும் முடிவு அறிவித்த நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். அதற்கு முன் செய்த செலவு சேராது. ஆனால் முன்கூட்டியே அச்சடித்து வைத்த நோட்டீசை மனுத் தாக்கலுக்குப் பின் பயன்படுத்தினால் அது சேரும்.

சந்தைப்பேட்டை

திருத்தத்துக்கு நன்றிங்க. நான் கையோட ஒரு வகுத்தல் போட்டுக் காட்டறேன். 280 வாக்குச்சாவடி, 2,30,000 வாக்காளர் இருக்கற தொகுதின்னு வெச்சுக்குங்க. 40 லட்சத்தை 280-ல வகுத்தா சாவடிக்கு 14,285 ரூபா. வாக்காளர் தலைக்கு 17 ரூபா சொச்சம். இதுக்குள்ள வேன், டீசல், மைக்கு, துண்டு நோட்டீஸ், பூத்துக்கு வெளிய ஒரு மேசை ரெண்டு நாற்காலி, ஏஜெண்டுக்குச் சோறு எல்லாம் அடங்கணும். அப்படியும் கணக்குல பாதிதான் செலவானதாக் காட்டுவாங்க. அந்தப் பாதி எப்படி வந்துச்சுன்னு பார்க்கறதுதான் வேலையே.

பரம்பிக்குளம்

அதுக்குப் பதிவேட்டைத் திறக்கத் தெரியணும். வேட்பாளருக்குக் கொடுக்கற பதிவேட்டுல மூணு நிறம். வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னாடி தேர்தலுக்குன்னே தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கணும். சொந்தப் பணமோ, கட்சிப் பணமோ, நன்கொடையோ அதுக்குள்ள போய்த்தான் வெளிய வரணும். ஒரே ஆளுக்கு மொத்தமா 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுக்கக் கூடாது. 2018-க்கு முன்னாடி இது 20,000.

பார்க்கற முறை: வெள்ளைத் தாள்ல வேன் வாடகைன்னு ஒரு வரி வந்தா, அதே தேதியில மஞ்சள் தாள்ல காசோலை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இளஞ்சிவப்புல இருக்கணும். ஒரே வேன்காரருக்கு 9,500, 9,800, 9,900-ன்னு அடுத்தடுத்த நாள் ரொக்கம் போயிருந்தா உச்சவரம்புக்குக் கீழ நறுக்கிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். வரம்பு ஒரு நாளைக்கு இல்லைங்க, தேர்தல் முழுக்க அந்த ஆளுக்கு.

சுருக்க அறிக்கையில அட்டவணைங்க இருக்கும். முதல் ஆறு செலவு: கூட்டம், நட்சத்திரப் பேச்சாளர் கூட்டம், பிரசாரப் பொருள், ஊடகம், வண்டி, ஆளு. 7, 8, 9 வரவு: 7 சொந்தப் பணம், 8 கட்சி கொடுத்தது, 9 மத்தவங்க கொடுத்த கடன், நன்கொடை. முதல்ல 9-ஐப் புரட்டுங்க. பெரும்பாலும் காலியா இருக்கும், இல்லைன்னா சொந்தக்காரங்க நாலு பேர் இருப்பாங்க. அந்தப் பேரை வேட்பாளரோட பிரமாணப் பத்திரத்துல இருக்கற கடன்காரங்க பட்டியலோட ஒப்பிடுங்க.

சந்தைப்பேட்டை

நிழல் பதிவேட்டை விட்டுட்டீங்களே. செலவுப் பார்வையாளர் குழு வீடியோ எடுத்து, மாவட்ட விலைப்பட்டியல்படி நாற்காலிக்கு இவ்வளவு, சாமியானாவுக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவுன்னு தனியா ஒரு கணக்கு எழுதும். பிரசாரக் காலத்துல குறைஞ்சது மூணு தடவை வேட்பாளர் பதிவேட்டையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. வித்தியாசம் வந்தா நோட்டீஸ். வேட்பாளர் 48 மணி நேரத்துல பதில் சொல்லணும். முடிவு வந்த 26-ஆம் நாள் சமரசக் கூட்டம் ஒண்ணு நடக்கும், விட்டுப்போனதைச் சேர்த்துக்க அதுதான் கடைசி வாய்ப்பு.

நம்ம பக்கம் எங்க ஓட்டை விழுதுன்னா:

கல்யாண மண்டபம். "சமுதாயக் கூட்டம்", "குலதெய்வக் கோயில் கிடா விருந்து"ன்னு இன்னொருத்தர் பேர்ல புக் ஆகியிருக்கும். வேட்பாளர் உள்ள வந்து கும்பிட்டுட்டுப் போனாருன்னு வீடியோ இருந்தாத்தான் செலவு அவர் தலையில ஏறும்.

வண்டி. பெர்மிட் வாங்கிட்டா ஓட்டினாலும் ஓட்டாட்டியும் கணக்குல ஏறும்; வேண்டாம்னா பெர்மிட்டை எழுதிக் கொடுத்துத் திருப்பணும். இதைத் தெரியாம சின்னக் கட்சிக்காரங்க மாட்டிக்குவாங்க. பெரிய கட்சிக்காரங்க பெர்மிட்டே இல்லாத வண்டியில போவாங்க.

மேடை. தலைவர் வந்த கூட்டத்துல வேட்பாளர் மேடை ஏறினாலோ, படம் பேனர்ல இருந்தாலோ அவர் பங்கு அவருக்கு. 6 லட்சம் செலவான கூட்டத்துல மூணு வேட்பாளர் நின்னா ஆளுக்கு 2 லட்சம். அதனாலதான் சில கூட்டத்துல வேட்பாளருங்க மேடைக்குக் கீழ நின்னு கை கூப்பறாங்க. பணிவுன்னு நினைச்சுக்காதீங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்

ஹெலிகாப்டரையும் சேர்த்துக்குங்க. தலைவர் பயணச் செலவு கட்சிக்கு. வேட்பாளர் கூட ஏறி உட்கார்ந்தா பாதி அவருக்கு. ஒரு தடவை பறந்தாலே 40 லட்சத்துல ஒரு பங்கு போயிரும்.

குமாஸ்தா மேசை

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. வேட்பாளருக்கு மட்டும்தான். ஆகவே வேட்பாளர் பதிவேட்டை மட்டும் படித்தால் பாதிப் படம்.

கட்சிகள் சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாளுக்குள், மக்களவைத் தேர்தலென்றால் 90 நாளுக்குள், ஆணையத்திடம் செலவு அறிக்கை தர வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க. கொடுத்த அறிக்கையில் கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்ததாகக் காட்டிய தொகையைப் பாருங்கள்: இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. திருப்பூர், கோவை, நாமக்கல் மூன்றும் அந்தக் கட்சிகள் நின்ற தொகுதிகள். அப்போது ஒரு மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 70 லட்சம். கட்சியிலிருந்து கட்சிக்குப் போகும் பணம் எந்த வேட்பாளரின் எட்டாம் அட்டவணையிலும் அப்படியே தெரியாது. இது சட்ட மீறல் அல்ல, காட்டப்பட்ட கணக்குதான். ஆனால் யாரும் வேட்பாளர் பதிவேட்டோடு சேர்த்துப் படிப்பதில்லை.

தறிச்சத்தம்

தேர்தல் பத்திரம்னு ஒண்ணு வந்துச்சே, அதுல கோவைக்காரங்கதான் முதலிடம்னு சொன்னாங்க?

பரம்பிக்குளம்

பியூச்சர் கேமிங் நிறுவனம், கோவை முகவரி, 1,368 கோடிக்கு வாங்கினது. தி.மு.க. பத்திரம் மூலமா வாங்கின 656.5 கோடியில 509 கோடி அந்த நிறுவனத்துதுன்னு கட்சியே ஆணையத்துக்குச் சொல்லியிருந்துச்சு. அ.தி.மு.க. காட்டினது 6.05 கோடி. 2024 பிப்ரவரி 15-ல உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து பண்ணுச்சு.

ஆனா தம்பி, இதை ஒரு எம்.எல்.ஏ-வோட குறிப்புல "இவருக்கு இவங்க பணம் கொடுத்தாங்க"ன்னு எழுதிராதீங்க. பத்திரம் கட்சிக்கு, அங்கிருந்து எந்தத் தொகுதிக்கு எவ்வளவு இறங்குச்சுன்னு அந்தக் காகிதத்துல இல்லை.

நொய்யல் வடகரை

சொத்துக் கணக்கு? 2016-க்கும் 2021-க்கும் வித்தியாசம் போட்டு "இத்தனை மடங்கு"ன்னு போஸ்டர் அடிக்கறாங்களே.

காளிங்கராயன் வாய்க்கால்

அதுலதான் ரொம்ப ஏமாறுவீங்க. படிவம் 26-ல (மனுவோட கொடுக்கற சொத்துப் பிரமாணப் பத்திரம்) நிலத்துக்கு இன்னிக்கு மதிப்பு போடறது வேட்பாளரே. பாதிப் பேர் வழிகாட்டி மதிப்பை எடுத்துப் போடுவாங்க. அந்த வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன்ல 33 சதவீதம் குறைச்சாங்க. அதனால 2016-ல காட்டின அதே தோட்டம் 2021-ல குறைஞ்ச விலையில வரும், சொத்து கரைஞ்ச மாதிரி தெரியும். 2023 ஏப்ரல்ல குறைப்பை எடுத்துட்டாங்க, இப்போ திடீர்னு ஏறின மாதிரி தெரியும். ரூபாயை விட்டுட்டு ஏக்கர், சென்ட், சர்வே எண்ணைப் பாருங்க. நகைக்கு ரூபா பார்க்காதீங்க, பவுன் பாருங்க.

சர்வே எண் கிடைச்சுதுன்னா பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கலாம். வாங்கின தேதியும் பத்திர மதிப்பும் அதுல வரும்.

பனியன் கம்பெனி, நூல்மில், கோழிப்பண்ணை வெச்சிருக்கறவங்களுக்கு வேற கணக்கு. பட்டியலிடாத கம்பெனிப் பங்கை 10 ரூபா, 100 ரூபா முகமதிப்புலயே காட்டியிருப்பாங்க. மில்லு பல கோடி போகும், காகிதத்துல சில லட்சம்தான். கம்பெனியோட ஆண்டுக் கணக்கை கம்பெனிகள் பதிவாளர் தளத்துல பணம் கட்டி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அப்புறம், படிவம் கேக்கறது வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்பவங்க, கூட்டுக் குடும்பம். கல்யாணமாகித் தனியாச் சம்பாதிக்கற பையன் பேர்லயோ, மச்சான் பேர்லயோ இருக்கறது அதுல வரவேண்டியதே இல்லை. அது தப்பும் இல்லை, ஆனா நம்ம ஊர்ல சொத்து நிக்கற இடம் அதுதான்.

ஐந்து வருச வருமான வரிக் கணக்கு ஒரு கலத்துல இருக்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்கறதால அந்தத் தொகையை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க.

சந்தைப்பேட்டை

பறக்கும் படை பிடிக்கற பணத்தையும் "இன்ன கட்சிப் பணம்"னு எழுதறாங்க. வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு வர்ற வியாபாரி கையில 50,000-க்கு மேல இருந்தாலே சோதனைச்சாவடியில நிறுத்திருவாங்க. ஆவணம் காட்டினா மாவட்டக் குழு விடுவிச்சுரும். 10 லட்சத்துக்கு மேலன்னா வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். பிடிச்ச தொகை, விடுவிச்ச தொகை ரெண்டையும் கேளுங்க. பிடிச்சது மட்டும் செய்தியாகும்.

மாட்டுக்காரர் கதை ஒரு பக்கம். பணத்துக்காகவே தேர்தல் நின்னதும் நம்ம பக்கம் உண்டு: 2016-ல அரவக்குறிச்சி, கூடவே டெல்டாப் பக்கம் தஞ்சாவூரும். மே மாசம் நடக்க வேண்டியது நவம்பர் 19-க்குப் போச்சு. டெபாசிட் கம்மியா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு மொடக்குறிச்சி 1996, 1,033 வேட்பாளர். வாக்குச்சீட்டு புத்தகமாட்டம் இருந்துச்சு. அப்போ சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாதான். அதே வருசம் 5,000 ஆக்கினாங்க, இப்போ 10,000.

நொய்யல் வடகரை

கடைசியா ஒண்ணுங்க. இந்த வண்ணப் பதிவேட்டை நேர்ல பார்க்கறதுக்கு யாரைக் கேட்கணும், எப்போ போகணும்?

குமாஸ்தா மேசை

மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுத்த இரண்டு நாளில் யார் எந்தத் தேதியில் கொடுத்தார், எங்கே எப்போது பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தேர்தல் நடத்தும் விதிகள், 1961-ல் விதி 88-ன் கீழ் ஒரு ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம்; சான்றிட்ட நகலுக்குத் தனிக் கட்டணம். ஸ்கேன் பண்ணி இணையத்திலும் போடுவார்கள், ஆனால் மஞ்சளா இளஞ்சிவப்பா என்று கறுப்பு வெள்ளை ஸ்கேனில் தெரியாது. நேரில் பார்ப்பதே நல்லது. கணக்கே கொடுக்காதவருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவில் மூன்றாண்டு தகுதி நீக்கம் உண்டு; அந்தப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்

வழக்குப் போடற எண்ணம் யாருக்காவது இருந்தா இதையும் சேர்த்துச் சொல்லிருங்க ஐயா. தேர்தல் மனுவுக்கு 45 நாள்தானே?

குமாஸ்தா மேசை

ஆமாம், அதே அறிவிப்பு நாளிலிருந்து 45 நாள், உயர் நீதிமன்றத்தில். ஒரு நாள் தாமதம்கூட மன்னிக்கப்படாது. வேட்பாளர் முப்பதாம் நாள் கணக்கைக் கொடுத்தால், நகல் கேட்டு, வாங்கி, ஒப்பிட்டு, மனு தயாரித்துத் தாக்கல் செய்ய மிஞ்சுவது 15 நாள். ஆகவே நகலுக்கான விண்ணப்பத்தை இருபத்தைந்தாம் நாளே எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஒட்டிய அன்றே கொடுத்துவிடலாம். நிழல் பதிவேட்டின் நகலையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள், தனியாகக் கேட்டால் இன்னொரு வாரம் போய்விடும்.